ஆடி மாதத்து ஆயில் பம்ப்

கல்யாணமாகி நாற்பத்தோராவது நாள் அண்ணன் வந்து என்னைப் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போனான். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. ஆனி முடிந்து ஆடி பிறக்கப் போகிறது, அவ்வளவுதான். ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். ஆனி முழுக்கச் சேர்ந்திருக்கலாமாம், பங்குனியில் பிறந்தால் மட்டும் பிள்ளைக்குக் குளிரடிக்கவா போகிறது?

இது நடந்தது எழுபத்தொன்பதில். என் வீட்டுக்காரர் ராசப்பன் நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஃபிட்டர். நான் தம்மம்பட்டிக்காரி. பேர் தெய்வநாயகி. எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், யார் பேசுவது யாருக்குக் கேட்கிறது என்பதெல்லாம் முக்கியமில்லை. அவர் நேர் எதிர். பெண் பார்க்க வந்த அன்று மொத்தமே, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றதுதான். கல்யாணமாகிப் பதினைந்து நாள் அந்தக் கணக்கு பெரிதாக ஏறவில்லை. காலையில் போவார், இருட்டிய பிறகு வருவார், சாப்பிடுவார், "சாம்பார் நல்லாருக்குது" என்பார். ரசம் வைத்த அன்றும் அதையேதான் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

அப்போதுதான் அந்த ஆஸ்டின் கார் வந்தது. மோகனூர்ப் பக்கம் தோட்டமும் இரண்டு லாரியும் வைத்திருந்த செங்கோட்டையன் கவுண்டருடையது. அவருடைய அப்பா வாங்கிய வண்டி, ஏழெட்டு வருஷமாகக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்தது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் நடக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "ராசப்பா, நீ கை வெச்சா ஓடும்டா" என்று சொல்லி எஞ்சினை இறக்கி வைத்துவிட்டுப் போனார். எஞ்சினைப் பிரித்து, சேலத்து லேத்துப் பட்டறையில் கடைந்து கொண்டுவந்து, திரும்பக் கோர்க்கும் சமயத்தில் கூட வேலை பார்த்த சரவணமுத்துவுக்கு அம்மை போட்டுவிட்டது. இவருக்குக் கைக்கு ஆளில்லை.

மத்தியானம் சோறு கொண்டுபோனவளை, "இதைக் கொஞ்சம் புடி புள்ள" என்றார். பிடித்தேன். அன்றிலிருந்து தினமும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அங்கேயே சாயங்காலம் வரை இருந்தேன். மண்ணெண்ணெயில் சாமான்களைக் கழுவுவது, உலர்த்துவது, எண்ணெய்க் கேனைப் பிடிப்பது என் வேலை.

அந்த மனுஷனுக்குப் பேச்சு வரும் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. எண்ணெயைப் பற்றி என்றால் போதும், நிறுத்த மாட்டார்.

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. மண்ணு ஒரு பொட்டு இருந்தாலும் பேரிங் போயிரும்" என்பார். பேரிங்குக்கு எண்ணெய் தடவ நான் துணியை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார். "துணியில தொட்டா நூலு ஒட்டிக்கும். வெரலுதான் சுத்தம்." என் விரலைப் பிடித்து, எண்ணெயில் தோய்த்து, அந்த வழுவழுப்பான பேரிங்கின் மேல் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினார். பிடித்த கையை உடனே விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது.

கை நிறையக் கண்ணாடி வளையல் எனக்கு. ஒரு சில்லு உடைந்து உள்ளே விழுந்தால் எஞ்சின் காலி. கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு அடுக்கிய வளையல் அல்லவா? பழைய வேட்டியைக் கிழித்து, வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளி, இரண்டு கையிலும் கட்டுப் போட்டுவிட்டார். பார்த்தவர்கள் எனக்கு என்னவோ அடிபட்டுவிட்டது என்று விசாரித்துப் போனார்கள்.

"இதையெல்லாம் எதுக்குங்க இப்படித் தடவணும்? அதான் அப்புறம் எண்ணெய் ஊத்துவீங்கல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஊத்தற எண்ணெ அடியில கெடக்கும் புள்ள. எஞ்சின் ஓட ஆரம்பிச்சு, பம்பு இழுத்து, அது மேல ஏறி வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகும். அது வரைக்கும் இரும்பும் இரும்பும் ஒரசாம இருக்கோணுமல்ல? இப்ப நாம தடவறதுதான் அதுக்கு மொதச் சோறு."

இரும்புக்குச் சோறு ஊட்டுகிற மனுஷன் நான் வைக்கிற ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிடுகிறார். இருந்தாலும் அந்த இருபது, இருபத்தைந்து நாளில்தான் நான் அவரை நிஜமாகக் கல்யாணம் செய்துகொண்டேன். பிஸ்டனை அவர் மேலிருந்து இறக்குவார், நான் சுற்றிலும் எண்ணெய் விடுவேன். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்போது இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விடுவோம். யாருக்குச் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு அதுதான் தாலி கட்டிய நேரத்தைவிட மனசுக்குள் நிற்கிறது.

ஆனி கடைசி நாள். எஞ்சினைக் கவிழ்த்து வைத்து ஆயில் பம்பை மாட்டிக்கொண்டிருந்தார். என் உள்ளங்கையில் அடங்கும், உள்ளே இரண்டு பல்சக்கரம். "இதுதான் எஞ்சினுக்கு நெஞ்சு" என்றார். "காஞ்சு கெடந்தா எண்ணெயை இழுக்காது. பல்லுக்கு நடுவால வாசலினை நெறைய அப்பி வெச்சிட்டா, சுத்துன ஒடனே இழுத்துக்கும். வாசலின் சூட்டுல கரைஞ்சு எண்ணெயோட போயிரும்." டப்பாவை என் கையில் கொடுத்தார். அதற்குள் கவுண்டர் வந்து வெளியே கூப்பிட்டார். "நெறைய வெச்சு மூடியைப் போடு, வந்தர்றேன்" என்று போனார்.

அந்த நேரத்தில்தான் ஒர்க்‌ஷாப் வாசலில் என் அண்ணன் அருணகிரி வந்து நின்றான். கையில் பை, முகத்தில் சிரிப்பு. "கெளம்பு தெய்வா, நாலு மணி பஸ்ஸைப் புடிக்கணும்" என்றான்.

இவர் திரும்பி வந்து, "ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சுங்க" என்றேன். திருகுகளை முறுக்கினார். அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை, அதற்கு அவர்கள் சேம்பர் என்று பேர் வைத்திருக்கிறார்கள், வைத்து மூடினார். வெளியில் கவுண்டர் சொன்னது இதுதான்: ஆடியில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஆவணி ஒன்றாம் தேதி நல்ல நேரம் பார்த்து ஏற்றி ஓட்டலாம். ஆக எஞ்சினுக்கும் ஆடி, எனக்கும் ஆடி. அது நாமக்கல்லில் இருந்தது, நான் தம்மம்பட்டியில். அதற்கு வாய்த்த பேறு எனக்கு வாய்க்கவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடும் நோன்புக்கு மாப்பிள்ளை விருந்து என்று அவர் வந்தார். வீடு நிறைய ஜனம். தேங்காய்க்குள் அரிசியும் வெல்லமும் அடைத்துத் தெருவில் நெருப்பு மூட்டிச் சுட்டுக்கொண்டிருந்தோம். புகைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சித்தி மகள் ஒருத்தி அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பைக் காட்டி, "மாமா, சோப்பு வாங்கித் தரட்டுமா?" என்றாள். அவர் கையை மடித்து வைத்துக்கொண்டார். அந்தக் கறுப்பு எனக்கும் நகத்தில் இருந்தது. அம்மா அரப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை, நானும் போக விடவில்லை. சாயங்காலம், "வாரனுங்க" என்று எல்லாரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

எட்டாம் தேதி ஒரு கார்டு வந்தது. அண்ணன் பேருக்கு. 'மச்சான் அவர்களுக்கு, இங்கு நலம். எஞ்சினும் நலம். எண்ணெய் ஒரே பக்கம் இறங்கிவிடாமல் இருக்க தினம் ஒரு சுற்று சுற்றி வைக்கிறேன் என்று தெய்வாவிடம் சொல்லவும்.' எஞ்சின் நலமாம். நான் நலமா என்று ஒரு எழுத்து இல்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் எண்ணெய் விரல் பட்ட கறை ஒன்று இருந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், அண்ணன் கார்டைக் கேட்டு வாங்கிக் கம்பியில் குத்திவிட்டான்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், மனசு அங்கே இல்லை. "ரசத்துக்கு உப்புப் போட்டியாடி?" என்று அம்மா கேட்டாள். "போட்டேம்மா" என்றேன். இலையில் ரசத்தை ஊற்றி ஒரு வாய் வைத்த அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இது என்னாது, வெந்நீரா?"

உப்பு போடவேயில்லை. ஆனால் போட்டேன் என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. போட்டதாகவே நினைத்தேன். அன்றைக்கு, "ஆச்சுங்க" என்றதும் இதே மாதிரி வந்த பேச்சுதானா?

நினைவைத் துருவிப் பார்த்தேன். வாசலின் டப்பாவைத் திறந்தது நினைவிருக்கிறது. டப்பாவின் மூடியை இடுப்பில் செருகிக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு வாசலில் அண்ணன் குரல். பிறகு, "ஆச்சுங்க." நடுவில் ஒன்றுமே இல்லை. அப்பியிருக்கலாம், அப்பாமலும் மூடியிருக்கலாம். பம்பு காய்ந்து கிடந்தால் ஆவணியில் என்ன நடக்கும்? நாங்கள் தடவிய எண்ணெய் ஒரு நிமிஷம் தாங்கும். அப்புறம் பேரிங் தேய்ந்து, எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டு, மாலையும் மேளமுமாக மாப்பிள்ளை அழைப்பு நடுரோட்டில் நிற்கும். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் அபசகுனம் செய்த ஃபிட்டரிடம் அதற்கப்புறம் நாமக்கல்லில் ஒருத்தன் எஞ்சினைத் தொடக் கொடுப்பானா?

ஒரு கடிதம் போட்டிருக்கலாம். இரண்டு நாளில் போய்ச் சேர்ந்திருக்கும், அவரே திறந்து பார்த்துச் சரி செய்திருப்பார். எனக்கு அது தோன்றாமல் இல்லை. கடிதத்தில் முடிந்துபோகக் கூடாது என்றிருந்தது. பயம் நிஜம், ஆசையும் நிஜம். இரண்டில் எது என்னைப் பஸ் ஏற்றியது என்று கேட்டால் இன்றைக்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அம்மா குதித்தாள். "ஆடியில புருஷன் வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுடி!"

"வூட்டுக்கு யாரு போறா? ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போறேன். அங்க வாசப்படியே கெடையாது."

"கடுதாசி போட்டா ஆவாதா?" என்றான் அண்ணன்.

"கடுதாசி தொலைஞ்சு போனா? மாப்பிள்ளை அழைப்பு வண்டி நின்னா நீ போயித் தள்ளுவியா?"

எங்கள் வீட்டில் யார் கடைசி வரைக்கும் கத்துகிறார்களோ அவர்கள் சொன்னதுதான் நடக்கும். அண்ணன் கூட வர வேண்டும், இவர் வீட்டுப் பக்கமே போகக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று மூன்று கட்டுப்பாடு போட்டு அம்மா ஒத்துக்கொண்டாள்.

பதினாலாம் தேதி காலையில் கிளம்பி, ராசிபுரத்தில் பஸ் மாறி, நாமக்கல்லில் இறங்கும்போது பத்தரை ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு லாரிக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது. அந்தப் பாதத்தை ஆயிரம் பாதத்துக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடிப்பேன். "ஏங்க" என்றேன். உள்ளே ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே வந்து என்னைப் பார்த்தார். பின்னால் அண்ணனைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பம்புல வாசலின் வெச்சனா இல்லையான்னு எனக்குத் தெரியலை."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிச் சொல்லப் பஸ்ஸில் வரும்போதே நாலு வார்த்தை எடுத்து வைத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது மனுஷனுக்கு. "செரி, தொறந்து பாத்தர்லாம்" என்றார்.

எஞ்சின் மூலையில் மரக்கட்டைகளின் மேல் இருந்தது. அதன் மேல் தூசு படாமல் ஒரு போர்வை மூடியிருந்தது. எங்கள் வீட்டுப் போர்வை. நான் போன பிறகு அது எதற்கு என்று எடுத்துவந்துவிட்டார் போலிருக்கிறது.

சரவணமுத்து அம்மை இறங்கி வேலைக்கு வந்திருந்தான். இரண்டு பேரும் எஞ்சினைக் கவிழ்த்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டியில் எண்ணெய் பட்டுவிடும் என்று வாசல் பக்கம் பெஞ்சில் ஒரு லாரி டிரைவரோடு உட்கார்ந்துகொண்டான். சேம்பர் வந்தது. பம்பின் மூடியில் இருந்த திருகுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் பக்கத்தில் குனிந்து நின்றேன். மூடியைத் தூக்கினார்.

பம்பு நிறைய வாசலின். பல்லுக்குப் பல் அடைத்துக்கொண்டு, விளிம்பு வரைக்கும், ஒரு துளி இடமில்லாமல் இருந்தது. விளிம்போரம் என் சுட்டுவிரல் வழித்துச் சமன் செய்த தடம் இன்னும் தெரிந்தது.

எனக்கு மானம் போய்விட்டது. ஆடியில் வீட்டை ரெண்டாக்கி, அண்ணனை இழுத்துக்கொண்டு அறுபது எழுபது கிலோமீட்டர் வந்து, ஒன்றுமில்லாததற்கு மூடிய எஞ்சினைத் திறக்க வைத்திருக்கிறேன். இனி இதைச் சொல்லிச் சொல்லியே என் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். சரவணமுத்து எட்டிப் பார்த்தான். "அண்ணா, இதுல நெறைய இருக்—"

"சரவணமுத்து, மச்சானுக்கு டீ வாங்கிட்டு வா."

"இப்பத்தானுங்கண்ணா குடுத்தேன்."

"இன்னொண்ணு வாங்கியா."

அவன் போன பிறகு இவர் நிமிர்ந்து, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவருக்கு அவ்வளவு சத்தம் வரும் என்றே எனக்குத் தெரியாது. "மச்சான், நல்ல வேளைக்குக் கூட்டியாந்தீங்க. பம்பு காஞ்சு கெடக்குது, பொட்டுக்கூட இல்ல. இவ மட்டும் வராட்டி எஞ்சின் போயிருக்கும்."

"அட கடவுளே! சரி பண்ணிடலாமா மாப்ள?" என்றான் அண்ணன்.

"பண்ணிர்லாம். நேரமாகும். தெய்வா கூட இருக்கோணும்."

என்னிடம் திரும்பினார். சிரிக்கவில்லை. அந்த வாசலினைத் தன் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தார். பழைய வேட்டித் துணியைத் தேடி எடுத்துவந்து என் வளையல்களை மேலே தள்ளிக் கட்டினார். டப்பாவை என் கையில் கொடுத்தார். நான் மறுபடியும் அப்ப ஆரம்பித்தேன்.

"லெட்டர் போட்டிருக்கலாமல்ல?" என்றார் மெதுவாக.

"போட்டிருந்தா நீங்க ஒத்தையாத் தொறந்து பாத்திருப்பீங்க."

"சோறு எறங்க மாட்டேங்குது புள்ள" என்றார். "ஓட்டல்ல உக்காந்தா எந்திரிச்சு வந்தர்றேன்."

"எனக்கு மட்டும் எறங்குதா? கார்டுல எஞ்சின் நலம்னு எழுதத் தெரியுதில்ல உங்களுக்கு?"

"மச்சான் படிக்கற கார்டுல வேற என்னத்த எழுதறது?" அவர் கண் கலங்கியிருந்தது. "தெனமும் ஒரு சுத்துச் சுத்தறேன்னு எழுதுனேனல்ல. உன்னை நெனச்சுக்கிட்டுத்தான் சுத்தறேன்."

நான் அழுதேன். கண்ணீர் உள்ளே விழுந்தால் துருப்பிடிக்கும் என்று தலையை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். மூடுவதற்கு அரை மணி போதும். அவர் பேரிங்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார், நாங்கள் பார்த்தோம். வால்வைத் தூக்கும் கேமில் தடவிய கறுப்புக் கிரீஸ் காய்ந்திருக்கும் என்றார், காயவேயில்லை, மறுபடி தடவினோம். அண்ணன் நாலு டீ குடித்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றரை மணிக்குச் சேம்பரைப் போட்டுக் கடைசித் திருகை முறுக்கினார். அதற்கு மேல் முறுக்க ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு ஆடி இன்னும் பதினெட்டு நாள் மிச்சமிருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பஸ் நகர்ந்ததும் விட்டார்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. அண்ணன் ஆரம்பித்தான். "இருந்தாலும் மாப்ள அப்படிக் கத்திச் சொல்லியிருக்கக் கூடாது தெய்வா. அந்த டிரைவர் ஒக்காந்திருக்கான், ரோட்டுல ஆளு போவுது. என் தங்கச்சி தப்புப் பண்ணிட்டான்னு ஊருக்கே கேக்கற மாதிரிச் சொல்றாரு. நீ எதையும் அரைகுறையா வுடறவ இல்லையே. உண்மையச் சொல்லு, நீ வெச்சியா இல்லையா? வெச்சிருந்தீன்னா சொல்லு, நாளைக்கே திரும்பப் போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்."

நான் செய்த தப்பையே ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. அது அண்ணனுக்கும் தெரியும்.

"இல்லண்ணா. நான்தான் மறந்துட்டேன். அவரு சொன்னது நெசம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. தப்பை நினைத்து அழுகிறேன் என்று, பாவம், அண்ணன் ராசிபுரம் வரும் வரைக்கும் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தான்.